வண்டிக்கு முன்னால் போகும் சத்தம்



நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில், இயற்பியல் ஆய்வுக்கூடத்து மூலையில் ஒரு சின்ன ரயில் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நீளப் பலகை, ஒரு எஞ்சின், ஒரே ஒரு பெட்டி. அதை ஓட்டியவன் நான்தான். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "ஏன்டா இது இவ்வளவு மெதுவாப் போகுது?" மீதிப் பேர் கேட்டது: "சத்தம் மட்டும் வருது, வண்டி நகரவே இல்லையே. ரிப்பேரா?"

அன்றைக்குக் கூட்டத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. முதல் நாள் மாலை அங்கே நடந்த ஒரு விஷயத்தையும் நிறையப் பேர் பார்க்கவில்லை. "ரெண்டையும் சேர்த்து எழுதிக் கொடுப்பா, சுவரில் ஒட்டுவோம்" என்று தமிழ் ஐயா சொன்னார். எழுதிவிட்டேன். கொஞ்சம் நீளம்தான், நின்றுகொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்!

எஞ்சின் வந்த கதை

என் மாமா அமெரிக்காவில் சிகாகோ பக்கத்தில் இருக்கிறார். தினமும் மெட்ரா என்ற புறநகர் ரயிலில்தான் வேலைக்குப் போகிறார். போன லீவுக்கு வந்தபோது எனக்கு ஒரு பெட்டி கொடுத்தார். "மாப்ள, நான் தினமும் போற வண்டியோட எஞ்சினு. பத்திரமா வெச்சுக்க" என்றார். திறந்தால் உள்ளே எஃப்-40-பி.எச். என்ற டீசல் எஞ்சினின் மாடல். இந்த எஞ்சின் 1970-களின் நடுவில் அங்கே பயணிகள் ரயிலுக்கென்றே செய்யப்பட்டது. 16 சிலிண்டர், 3,000 குதிரைத்திறன்.

மாடலின் அளவுக்கு எச்.ஓ. என்று பெயர். அதாவது 87-ல் ஒரு பங்கு. நிஜ எஞ்சின் 17 மீட்டர் நீளம், என்னுடையது சுமார் 20 செ.மீ. நீளம். தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்.

இதில் விசேஷம் சத்தம்தான். எஞ்சினுக்குள் டிகோடர் என்ற சிறு மின்னணுப் பலகையும், ஒரு குட்டி ஸ்பீக்கரும் இருக்கின்றன. நிஜ எஞ்சினின் சத்தங்களைப் பதிவு செய்து அந்த டிகோடருக்குள் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் கிளம்பும் சத்தம், மணி, ஹாரன், பிரேக் காற்று "புஸ்"ஸென்று விடுகிற சத்தம் எல்லாம் தனித்தனியாக உண்டு. பழைய பொம்மை ரயிலில் கரண்டைக் கூட்டினால் ஓடும், குறைத்தால் நிற்கும். இதில் தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்சாரம் இருக்கும். நாம் குமிழைத் திருகினால், "3-ஆம் நம்பர் எஞ்சினே, இவ்வளவு வேகத்தில் போ" என்று ஒரு செய்தி அந்தத் தண்டவாளத்தின் வழியாகவே போகும். டிகோடர் அதைப் படித்து மோட்டாரை ஓட்டும். இந்த முறைக்கு டி.சி.சி. என்று பெயர்.

வீட்டுக் கூடத்தில் சுவரோரமாக 4 மீட்டர் பிளைவுட் பலகை போட்டுத் தண்டவாளம் அடித்தோம். ஒரு முனைக்கு நேப்பர்வில் என்று மாமா ஊர்ப்பக்கத்து ஸ்டேஷன் பெயர் எழுதினேன். மறுமுனைக்குக் கொடுமுடி! நடுவில் ஒரு லெவல் கிராசிங். இரண்டு முனையிலும் ஒரு மரக்கட்டை.

அப்புச்சி

என் அப்புச்சி ரயில்வேயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது லோகோ பைலட் என்கிறார்கள். அவர் "டிரைவர்" என்றுதான் சொல்வார். ஈரோட்டிலிருந்து கொடுமுடி, கரூர், குளித்தலை வழியாகத் திருச்சிக்குப் பாசஞ்சர் வண்டி ஓட்டியவர். அவர் ஓட்டியது டபிள்யூ.டி.எம்-2 என்ற டீசல் எஞ்சின். அது ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் வடிவமைப்பு. 1962-ல் முதலில் அங்கிருந்து வந்தது, 1964 முதல் வாரணாசியிலேயே செய்தார்கள்.

சில வருடங்களாக அப்புச்சிக்குக் காது மந்தம். மெஷின் வைத்திருக்கிறார். ஆனால் மெஷின் வந்ததிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. நாங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார், எதற்கென்று தெரியாமலே. அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை. "அவரு பாட்டுக்குச் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு" என்பார்.

முதல் நாள் நான் எஞ்சினை ஓட்டியபோது அவர் நாற்காலியில் இருந்தார். நான் குமிழை ஒரே திருகாகத் திருகினேன். எஞ்சின் "விர்"ரென்று பாய்ந்து நாலு மீட்டரையும் மூன்று வினாடியில் கடந்தது. மறுபடி பின்னால், மறுபடி முன்னால். ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அப்புச்சி ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மெஷினைக் காதிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "என்னாச்சுங்க அப்புச்சி?" என்று காதருகே போய்க் கேட்டேன்.

"வண்டி ஓட்டற மாதிரி இல்லீங்கண்ணு. கல்லு எறியற மாதிரி இருக்குது."

பாடம் 1: நூறு கிலோமீட்டர் வேகம் எவ்வளவு?

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ரயில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால், ஒரு வினாடிக்குச் சுமார் 27.8 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 32 செ.மீ. அதாவது என் பலகையில் "எக்ஸ்பிரஸ் வேகம்" என்பது வினாடிக்கு ஒரு ஸ்கேல் தூரம், அவ்வளவுதான்! நாலு மீட்டரைக் கடக்க 12 வினாடிக்கு மேல் ஆக வேண்டும். நான் மூன்று வினாடியில் கடந்தேன் என்றால் மணிக்கு 400 கி.மீ.க்கும் மேல். கொடுமுடிக்கு அந்த வேகத்தில் எந்த வண்டியும் வராது.

நம்முடைய சின்னப் பலகைக்குப் பொருத்தமான வேகம் 40 கி.மீ. என்று முடிவு செய்தோம். அது வினாடிக்கு 12.8 செ.மீ. எறும்பைவிட வேகம், பூனையைவிட மெதுவு. உங்களுக்கெல்லாம் "ஆமை" மாதிரி தெரிந்தது அதுதான். உண்மையில் அது ஒரு ரயில் ஸ்டேஷனை விட்டு வெளியேறும் வேகம்.

பாடம் 2: சத்தம் முதலில், நகர்வு பிறகு

அடுத்த நாள் அப்புச்சி தானாகவே பலகை பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அவ்வளவு பெரிய இரும்பு, சொன்ன உடனே கெளம்புமா? எஞ்சின் மொதல்ல மூச்சு வாங்கும். அப்புறம் இழுக்கும். இழுத்து முடிச்சப்புறந்தான் நகரும். சித்த பொறு" என்றார்.

டிகோடருக்குள் சி.வி. என்ற எண்ணிட்ட அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் நாம் ஒரு எண்ணை எழுதி வைக்கலாம். சி.வி. 3 என்பது வேகம் ஏறுகிற நிதானம், சி.வி. 4 என்பது வேகம் இறங்குகிற நிதானம். இரண்டிலும் 0 இருந்தால் எஞ்சின் பொம்மை மாதிரி துள்ளும். 40 என்று எழுதினால் பொதுவான விதிப்படி, நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு ஏற சுமார் 36 வினாடி ஆகும். நாங்கள் 40 எழுதினோம். இப்போது குமிழைத் திருகினால் முதலில் பிரேக் காற்று விடுகிற சத்தம், பிறகு எஞ்சின் சத்தம் கனக்கிறது, அதற்குப் பிறகுதான் சக்கரம் கண்ணுக்குத் தெரியாமல் நகர ஆரம்பிக்கிறது.

அப்புச்சி முதல் முறை அதைப் பார்த்தபோது வாய்க்குள்ளேயே "ம்ம்" என்றார். அந்த "ம்ம்" எனக்கு நூற்றுக்கு நூறு வாங்கியது மாதிரி.

பாடம் 3: சாக்பீஸ் பயணி

கிளம்புவது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம். அப்புச்சி பெட்டியின் கூரைமேல் ஒரு அட்டையை ஒட்டி, அதன்மேல் ஒரு முழு சாக்பீஸை நட்டமாக நிற்க வைத்தார். "இவருதான் பயணி. கதவுகிட்ட நின்னுக்கிட்டு வர்றாரு. கையில சொம்புல தண்ணி. கீழ விழாமக் கொண்டுபோய்ச் சேரு பாக்கலாம்."

இயற்பியல் படிப்பவர்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும். சாக்பீஸ் உயரம் சுமார் 8 செ.மீ., குறுக்களவு 1 செ.மீ. அதைக் கவிழ்க்க வேண்டிய முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1.2 மீ/வி². வினாடிக்கு 32 செ.மீ. வேகத்தில் வரும் வண்டியைப் பத்தில் ஒரு வினாடியில் நிறுத்தினால் 3.2 வந்துவிடும், பயணி குப்புற விழுவார். அதையே ஐந்து வினாடியில் நிறுத்தினால் 0.06 தான். அவருக்கு நின்றதே தெரியாது!

என் சாக்பீஸ் முதல் நாள் பதினோரு முறை விழுந்தது. அப்புச்சி சொன்ன சூட்சுமம் இது: "எஞ்சின்ல ரெண்டு பிரேக் உண்டு. வண்டி முழுக்கப் பிடிக்க ஏ-9, எஞ்சினை மட்டும் பிடிக்க எஸ்.ஏ-9. எதுல பிடிச்சாலும் சரி, கடைசி வரைக்கும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே போய் நிக்கக் கூடாது. நிக்கப்போற நேரத்துல கொஞ்சம் விட்டுடணும். அப்பத்தான் குலுங்காது." நானும் குமிழைக் கடைசி ஒரு சாணில் துளித்துளியாகக் குறைக்கப் பழகினேன். மூன்றாம் நாள் சாக்பீஸ் விழவில்லை.

பாடம் 4: நின்றுகொண்டே கத்தும் எஞ்சின்

இங்கேதான் எனக்கும் அப்புச்சிக்கும் சண்டை வந்தது. எஞ்சினில் ஒரு பொத்தானை அமுக்கினால், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே எஞ்சின் சத்தம் உச்சத்துக்குப் போய் அப்படியே நிற்கிறது. வண்டி ஓடினாலும் அதே சத்தம், நின்றாலும் அதே சத்தம்.

அப்புச்சி அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. அவருடைய எஞ்சினில் வேகக் கைப்பிடிக்கு எட்டு நாட்ச். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று, எட்டாவது நாட்சில் 1,000 சுற்று. நாட்ச் ஏற ஏறத்தான் சத்தம் ஏறும். "இது கவர்னர் கெட்டுப்போன எஞ்சின். இதை லைன்ல விடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். எனக்கும் டிகோடர் பழுதோ என்று பயம். அமெரிக்காவிலிருந்து வந்ததை எங்கே கொடுத்து ரிப்பேர் பண்ணுவது?

மாமாவுக்குப் போன் போட்டோம். அவர் சிரித்தார். "பழுதில்ல மாப்ள. அந்த எஞ்சினோட வடிவமைப்பே அப்பிடி."

விஷயம் இதுதான். அங்கே குளிர் அதிகம். பெட்டிகளுக்கு விளக்கு, வெந்நீர், வெப்பம், ஏ.சி. எல்லாவற்றுக்கும் மின்சாரம் எஞ்சினிலிருந்தே போகிறது. எஃப்-40-ல் வண்டியை இழுக்கும் அதே டீசல் எஞ்சின்தான் இந்த மின்சாரத்தை உண்டாக்கும் ஜெனரேட்டரையும் சுற்றுகிறது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அது மாறாமல் இருக்க வேண்டுமென்றால் எஞ்சினும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 893 சுற்று! ஸ்டேஷனில் நின்றாலும் 893, ஓடினாலும் 893. அதனால்தான் நிற்கும்போதும் அந்தக் கத்தல்.

நம் ஊர்ப் பழைய பெட்டிகளில் சக்கர அச்சில் பெல்ட் போட்டு டைனமோ சுற்றும், பேட்டரி இருக்கும். அதனால் அப்புச்சியின் எஞ்சினுக்கு அந்த வேலை கிடையாது. இழுப்பது ஒன்றுதான் வேலை. மாமா சொன்னதையெல்லாம் நான் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அப்புச்சி இரண்டு முறை படித்தார். பிறகு சொன்னார்: "அப்ப அது சும்மா கத்தலை. உள்ள இருக்கறவங்களுக்காகக் கத்துது."

ஆனாலும் ஒரு சந்தேகம். சத்தம் மாறாவிட்டால், எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? அப்புச்சி மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சினின் கூரைமேல் ஒரு விரலை மெதுவாக வைத்தார். "இப்ப நாட்ச் எடு" என்றார். எடுத்தேன். "கனக்குது பாரு. சுத்து அதேதான், ஆனா பாரம் ஏறுது. டிரைவர் காதுல மட்டும் கேக்கறதில்ல கண்ணு. உக்கார்ற எடத்துலயும் கேப்பான், உள்ளங்கால்லயும் கேப்பான்."

நானும் விரல் வைத்துப் பார்த்தேன். உண்மைதான். காது கேட்காதவர் எனக்குக் கேட்கச் சொல்லிக் கொடுத்தார்!

பாடம் 5: ஹாரன்

அமெரிக்க விதிப்படி லெவல் கிராசிங்குக்கு முன்னால் ஹாரன் இப்படி அடிக்க வேண்டும்: நீளம், நீளம், குட்டை, நீளம். கடைசி நீளம் எஞ்சின் கிராசிங்கைத் தொடும் வரை விடக் கூடாது. கிராசிங்குக்கு 15 முதல் 20 வினாடிக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். நம் ஊரில் தண்டவாள ஓரம் மஞ்சள் பலகையில் டபிள்யூ-எல் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கண்டதும் டிரைவர் நீளமாக ஹாரன் அடிப்பார்.

இதை என் பலகையில் செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நிஜ ரயில் எவ்வளவு நீளமான உலகத்தில் ஓடுகிறது என்று. 40 கி.மீ. வேகத்தில் 15 வினாடி என்றால் கிட்டத்தட்ட 2 மீட்டர். என் பலகையில் பாதி! வண்டி அசைந்த நாலைந்து வினாடியிலேயே ஹாரனைத் தொடங்கினால்தான் நடுவில் இருக்கும் கிராசிங்குக்குச் சரியாக வரும். 100 கி.மீ. வேகம் என்றால் பலகையே போதாது.

தெரிந்து கொள்வோம்
• எஃப்-40 எஞ்சினும் ஆல்கோ எஞ்சினும் 16 சிலிண்டர்தான். ஆனால் முன்னது இரண்டு வீச்சு, பின்னது நான்கு வீச்சு. அதனால்தான் ஒன்று கூவுகிறது, மற்றது குடுகுடு என்கிறது.
• மாடலைக் கிளப்பும் வரிசை: எஞ்சின் தொடங்கு, பெட்டிக்கு மின்சாரம் கொடு, காத்திரு. மணி அடி. இரண்டு குட்டை ஹாரன். பிரேக் விடு. முதல் நாட்ச். மறுபடி காத்திரு.
• ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிதானமாகப் போக எங்கள் வண்டிக்கு 42 வினாடி.

கண்காட்சி முதல் நாள்

இவ்வளவும் கற்றுக்கொண்டுதான் கண்காட்சிக்கு வந்தேன். காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஆனால் யாரும் நின்று பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் எரிமலை வெடித்துக்கொண்டிருந்தது! என் மேசைக்கு வந்தவர்கள் "இன்னும் கெளம்பலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாலையில் என் வகுப்பு நண்பர்கள் ஏழெட்டுப் பேர் வந்து, "டேய், ஒரே ஒரு தடவை ஃபுல் ஸ்பீடு விடுறா" என்றார்கள். நான் முடியாது என்றேன். "அப்ப இது மாட்டு வண்டிடா" என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சி.வி. 3, சி.வி. 4 இரண்டையும் 0 ஆக்கினேன். குமிழை முழுதும் திருகினேன். எஞ்சின் பாய்ந்தது. எல்லோரும் "ஹோ" என்று கத்தினார்கள். மறுமுனையில் நான் குமிழைத் திருப்பக் கொஞ்சம் பிந்தியது. எஞ்சின் மரக்கட்டையில் மோதி, பெட்டி கவிழ்ந்து, சாக்பீஸ் தரையில் விழுந்து மூன்று துண்டானது. எஞ்சின் முன்படி ஒன்று உடைந்தது. கைதட்டல் பலமாக இருந்தது. அன்று முழுவதும் கிடைக்காத கைதட்டல்.

கைதட்டல் அடங்கியபோதுதான் பார்த்தேன், கதவருகே அம்மாவும் அப்புச்சியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்புச்சி திட்டவில்லை. மெதுவாகக் குனிந்து சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கினார். என் கையில் கொடுத்தார். "உள்ள ஆளு இருக்காங்க கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

அன்று இரவு அவர் சொன்னது

வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. அப்புச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

அவர் வேலையில் இருந்த காலத்தில் ஒரு விடியற்காலை. பனி. ஒரு வளைவு தாண்டியதும், தண்டவாளத்தின் குறுக்கே ஒரு பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். இரண்டு பக்கமும் பால் கேன். தலையில் சுற்றிய துண்டு காதையும் மூடியிருக்கிறது. சைக்கிள் சக்கரம் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. அவர் குனிந்து அதை எடுக்கப் பார்க்கிறார்.

"பிரேக்கை எமர்ஜென்சியில போட்டுட்டேன். ஆனா நிக்காதுன்னு எனக்குத் தெரியும். அந்த வேகத்துக்கு அரைக் கிலோமீட்டராவது வேணும். எனக்கும் அவருக்கும் நடுவுல அவ்வளவு தூரம் இல்ல. ஒரு கை ஹாரன்லயே இருந்துச்சு. எடுக்கவே இல்ல. வேற என்ன பண்ண முடியும்? வண்டியவுட்டு எறங்கி முன்னால ஓட முடியுமா? வண்டிக்கு முன்னால ஓடறது சத்தம் ஒண்ணுதான் கண்ணு."

"அப்புறம்?" என்றேன்.

"கடைசி நிமிசத்துல நிமுந்து பாத்தாரு. சைக்கிளை விட்டுட்டு அந்தப் பக்கம் விழுந்தாரு. எஞ்சின் மூஞ்சி பூராவும் பாலு. வண்டி நின்னப்புறம் எறங்கிப் போறேன், காலு நடுங்குது. அந்த மனுசன் உக்காந்துக்கிட்டு, எம்பாலு போச்சே எம்பாலு போச்சேன்னு அழுகறாரு. நானும் அவருகூட உக்காந்து அழுதேன்."

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் ஹாரனைச் சீக்கிரமே தொடங்கி, நீளமாகவே அடித்தாராம். கூட வேலை செய்தவர்கள் "ஹாரன் கவுண்டர்" என்று கிண்டல் பண்ணுவார்களாம். சொல்லும்போது அப்புச்சி சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்து சிரித்த சிரிப்பு அது.

இரண்டாம் நாள்

காலையில் சி.வி. 3-ல் 40, சி.வி. 4-ல் 40 என்று மறுபடி எழுதினேன். உடைந்த படியை ஃபெவிகுயிக் போட்டு ஒட்டினேன். புது சாக்பீஸ் வாங்கி வைத்தேன். அப்புச்சி காலை ஒன்பது மணிக்கே வந்து மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கையில் என் தங்கையின் பச்சைக் கைக்குட்டை. அதுதான் கார்டு கொடி!

கூட்டம் பெரிதாக இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் நின்றார்கள். "இந்த சாக்பீஸ் அண்ணனைக் கீழே விழாம அந்தப் பக்கம் கொண்டு போகணும்" என்றேன். உடனே எல்லோரும் அமைதியானார்கள். எஞ்சின் கிளம்பி 893 சுற்றில் கூவியது. மணி. இரண்டு குட்டை ஹாரன். அப்புச்சி கொடி காட்டினார். பிரேக் காற்று. முதல் நாட்ச். யாரும் "ரிப்பேரா?" என்று கேட்கவில்லை. நாலாவது வினாடியில் நீளம், நீளம், குட்டை, நீளம். கிராசிங் தாண்டியது. கடைசி ஒரு சாண். துளித்துளியாகக் குறைத்தேன். வண்டி நின்றது. சாக்பீஸ் லேசாக ஆடி, நின்றுவிட்டது.

ஒரு சின்னப் பெண் மூச்சை விட்டுவிட்டு, "தாத்தா, அவருக்குத் தெரியுமா நின்னுருச்சுன்னு?" என்று கேட்டாள். அப்புச்சிக்கு அது முதல் தடவையிலேயே காதில் விழுந்தது. "தெரியாது சாமி. தெரியாம இருக்கறதுதான் நமக்குப் பேரு" என்றார்.

மாலை வரைக்கும் அவர்தான் பேசினார். நான் குமிழை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முடிவாக

நண்பர்களே! நம் பள்ளி மைதானத்துக்குப் பின்னால்தான் ரயில் பாதை. கேட் மூடியிருந்தால் குனிந்து நுழைந்து போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் போயிருக்கிறேன், காதில் ஹெட்போனுடன். முன்பு டீசல் எஞ்சின் வரும்போது தூரத்திலிருந்தே குடுகுடுவென்று கேட்கும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பாதை மின்மயமாகிவிட்டது. மின்சார எஞ்சின் கிட்ட வரும்வரை அவ்வளவாகச் சத்தமே இல்லை. ஹாரன் ஒன்றுதான் நமக்கு மிச்சம். அதையும் நாமே காதை அடைத்துக்கொண்டு கேட்காமல் இருந்தால், அந்த டிரைவர் வேறு என்ன செய்வார்?

வகுப்பு நடக்கும்போது ஹாரன் நீளமாகக் கேட்டால் "ஏன் இப்படிக் கத்துறான்" என்று இனி நான் சலித்துக்கொள்ள மாட்டேன். அங்கே ஒருவர் கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டிருக்கிறார். அது நமக்காக.

வண்டி மெதுவாகக் கிளம்பியது, மெதுவாக நின்றது உள்ளே இருப்பவர்களுக்காக. சத்தம் முன்னால் போனது வெளியே இருப்பவர்களுக்காக. இதுதான் உங்கள் இரண்டு கேள்விக்கும் என் பதில்.

சந்தேகம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரலாம். அப்புச்சி கொடியோடு இருப்பார். கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும், அவ்வளவுதான்.



— பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்